சேவல் முட்டையும் போ மணியும்

அடைக்கு வைத்த முட்டைகளில் ஒன்றிரண்டு பொரிக்காமல் போய்விடும். இருபத்தொரு நாள் கழித்து அதை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே களக் களக்கென்று சத்தம் கேட்கும். அதுதான் கூழ்முட்டை, பேச்சில் கூமுட்டை. முட்டையை எருக்குழியில் எறிந்துவிட்ட நம்மவர்கள் சொல்லை மட்டும் எறியாமல் வைத்துக்கொண்டார்கள். விவரம் புரியாத பிள்ளையைக் கூமுட்டை என்றுதான் இன்றும் திட்டுகிறோம்.

ஆங்கிலத்திலும் ஒரு முட்டை இதே வழியில் வசைச்சொல் ஆயிற்று. அந்தச் சொல்தான் ‘காக்னி’. இன்று அது கிழக்கு லண்டன் உழைக்கும் மக்களின் பெயர், அவர்களுடைய பேச்சின் பெயர். லண்டன் சீப்சைட் தெருவில் நிற்கும் செயின்ட் மேரி-லெ-போ தேவாலயத்தின் மணியோசை எட்டும் தூரத்துக்குள் பிறந்தவர்தான் அசல் காக்னி என்று சொல்வார்கள். இந்த விளக்கம் எல்லோரும் அறிந்தது. முட்டைக்கும் மணிக்கும் நடுவில் சுமார் இருநூறு ஆண்டுகள் இந்தச் சொல் எங்கெல்லாம் அலைந்தது, யார் யாரை இதைச் சொல்லித் திட்டினார்கள் என்று தேடிப் பார்த்தால் அந்த விளக்கத்தின் மீதே சந்தேகம் வந்துவிடுகிறது.

14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தொடங்கலாம். வில்லியம் லாங்லண்ட் எழுதிய ‘பியர்ஸ் ப்ளவ்மேன்’ என்ற நெடுங்கவிதையில் பசி ஓர் ஆளாகவே வருகிறது. வயிறு நிறையாமல் இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று அது அடம்பிடிக்கிறது. கோழியோ வாத்தோ பன்றியோ வாங்கக் கையில் காசில்லை என்று சொல்லும் உழவன் பியர்ஸ், வீட்டில் இருப்பதையும் இல்லாததையும் கணக்குச் சொல்கிறான். இருப்பவை புதிதாகச் செய்த பாலாடைக்கட்டி, கொஞ்சம் தயிரும் பாலேடும், ஓட்ஸ் அடை, பிள்ளைகளுக்காக அவரையும் தவிடும் கலந்து சுட்ட ரொட்டி. இல்லாதவற்றில் உப்பிட்ட பன்றி இறைச்சிக்குப் பக்கத்தில் ‘கோக்கனெய்’ என்ற சொல் வருகிறது. அந்த இடத்தில் அதற்கு முட்டை என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ள வழியில்லை.

சொல்லைப் பிரித்தால், ‘கோக்கன்’ என்பது சேவல்களின். ‘எய்’ என்பது முட்டை. சேவல் முட்டை!

சேவல் முட்டையிடுமா? கோழி வளர்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு விநோதமாகத் தோன்றாது. முதன்முதலாக முட்டையிடத் தொடங்கும் விடைக்கோழியோ, இட்டு ஓயும் கிழக்கோழியோ சில சமயம் கோலிக்குண்டைவிடக் கொஞ்சமே பெரிதான முட்டை ஒன்றை இட்டுவிடும். ஓடு கோணலாக இருக்கும். உடைத்தால் மஞ்சள் கரு இருக்காது, வெள்ளைக் கரு மட்டும் வழியும். இது கோழி இட்டதாக இருக்க முடியாது, சேவல் இட்டதுதான் என்று ஐரோப்பியக் கிராமங்கள் நம்பின. அந்த முட்டையிலிருந்து பார்வையாலேயே கொல்லும் பாம்பு பிறக்கும் என்ற பயமும் இருந்தது. இன்று சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகரத்தில் 1474-இல், முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு சேவலை முறைப்படி விசாரித்து முட்டையோடு சேர்த்து எரித்திருக்கிறார்கள். பியர்ஸ் வீட்டுக் ‘கோக்கனெய்’ அந்த அளவுக்குப் பயங்கரமானதல்ல. ஏழை உழவன் வீட்டில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்னும்படியான சின்னஞ்சிறு முட்டை, அவ்வளவுதான்.

இந்தச் சொல்லுக்குள் முட்டை இருப்பது பின்னால் வந்த ஆங்கிலேயர்களுக்கே தெரியாமல் போனதற்கு வேறொரு முட்டைதான் காரணம். தென் இங்கிலாந்தில் முட்டைக்கு ‘எய்’ என்று பெயர், பன்மையில் ‘எய்ரன்’. வடக்கே ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த ‘எக்’. லண்டனில் அச்சுக்கூடம் நடத்திய வில்லியம் கேக்ஸ்டன் 1490-இல் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் இதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறார். தேம்ஸ் வழியாகக் கடலுக்குப் புறப்பட்ட வணிகர்கள் சிலர் காற்றில்லாமல் கென்ட் கரையோரம் நின்றுவிடுகிறார்கள். ஒருவர் கரையேறி ஒரு வீட்டில் சாப்பிட ‘எக்ஸ்’ கேட்கிறார். வீட்டுக்காரம்மா தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள். எனக்கும்தான் தெரியாது, நான் கேட்டது முட்டையல்லவா என்று அவருக்குக் கோபம் வருகிறது. கடைசியில் இன்னொருவர் ‘எய்ரன்’ என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்குகிறது. ஒரே நாட்டுக்குள் ஒரு முட்டை வாங்க இத்தனை பாடு.

பின்னர் வடக்கத்திச் சொல் வென்றது; ‘எய்’ வழக்கொழிந்தது. அது செத்ததும் ‘கோக்கனெய்’ அநாதையானது. வால் பகுதிக்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியவில்லை. பொருள் தெரியாத சொல்லுக்கு ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவது எல்லா மொழியிலும் நடப்பதுதான்.

கட்டிய கதைகளையும் சொல்லிவிடுகிறேன். சமையலறையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றார்கள். ‘காக்கெய்ன்’ என்ற, வேலை செய்யாமலே வயிறு நிறையும் கற்பனை நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்றார்கள். செல்லம் கொடுத்து வளர்ப்பதைக் குறிக்கும் ‘காக்கர்’ என்ற வினைச்சொல்லோடும், போக்கிரியைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல்லோடும் முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் தொகுத்த ஜேம்ஸ் மர்ரே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எல்லாவற்றையும் எடைபோட்டு, சேவல் முட்டையே மூலம் என்று வாதிட்டார். முட்டையிலிருந்து பிள்ளைக்குச் சொல் எப்படித் தாவியது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. எனக்கு மர்ரேயின் பக்கம்தான் சரியென்று படுகிறது. கூமுட்டை என்று பிள்ளையைத் திட்டிப் பழகிய மொழியில் பிறந்தவருக்கு அந்தத் தாவல் ஒன்றும் பெரிய தாவலாகத் தெரியாது.

திட்டாக அந்தச் சொல் சாஸரிடம் முதலில் கேட்கிறது. ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் ரீவ் சொல்லும் கதையில் வடநாட்டிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்த ஆலன், ஜான் என்ற இரண்டு மாணவர்கள் மாவு திருடும் ஓர் ஆலைக்காரன் வீட்டில் ஓரிரவு தங்குகிறார்கள். ஆலன் ஆலைக்காரனின் மகளிடம் போய்விடுகிறான். தனியே படுத்திருக்கும் ஜானுக்கு, நாளை இந்தக் கதையைப் பேசும்போது தன்னை மடையன், ‘கோக்கனெய்’ என்று சிரிப்பார்களே என்று மனம் புழுங்குகிறது. துணிச்சல் இல்லாதவன், அம்மா பிள்ளை என்று பொருள். இங்கே கவனிக்க வேண்டியது அந்தச் சொல்லில் லண்டன் இல்லை என்பதுதான். சொல்கிறவன் வடக்கத்திக்காரன், தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்கிறான், இடமும் கேம்பிரிட்ஜ் பக்கம்.

பிறகு அந்த வசை மெல்ல நகரத்தை நோக்கி நகர்கிறது. 1520-இல் ராபர்ட் விட்டிங்டன் என்ற பள்ளி ஆசிரியர் லத்தீன் பாடநூல் ஒன்றில், பெரிய நகரங்களில் பிள்ளைகளைச் செல்லமாக வளர்த்துக் கெடுத்துவிடுகிறார்கள், வளர்ந்த பிறகு அந்தக் காக்னிகள் எதையும் தாங்கமாட்டார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறார். அவர் சொல்லும் நகரங்கள் லண்டன், யார்க், இத்தாலியின் பெரூஜியா. ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரச’னில் வரும் கோமாளி, விலாங்கு மீன்களை உயிரோடு மாவுக்குள் வைத்து மூடிய ஒரு காக்னிப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறான். அவை நெளிந்து தலை தூக்கியபோது குச்சியால் தட்டி உள்ளே போகச் சொன்னாளாம். மீனைக் கொன்று சமைக்கக்கூடத் தெரியாதவள்.

சந்தைக்கு மாடு ஓட்டி வரும் விவசாயியின் கண்ணில் பட்டணத்துக்காரன் எப்படித் தெரிந்தான் என்பதை இந்தச் சொல் காட்டுகிறது. உடம்பில் வெயில் படாதவன், சேற்றில் கால் வைக்காதவன், தின்பது எதிலிருந்து வருகிறது என்று தெரியாதவன். கிராமம் நகரத்துக்கு வைத்த பெயர் இது. பட்டிக்காட்டான் என்று நகரம் கிராமத்தைப் பழித்த பேச்சு எங்கும் உண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து எறிந்த சொல் இவ்வளவு காலம் நிலைத்தது அபூர்வம். அதனாலேயே இதன் மேல் எனக்குத் தனி ஈடுபாடு.

1600-இல் சாமுவேல் ரோலண்ட்ஸ் எழுதிய அங்கத நூலில் ‘போ மணிக் காக்னி’ என்ற தொடர் வந்துவிடுகிறது. 1617-இல் இரண்டு நூல்கள் இந்த எல்லையை உறுதியாக வரைகின்றன. பயணக் குறிப்புகள் எழுதிய ஃபைன்ஸ் மோரிசன், போ மணியோசைக்குள் வாழ்பவர்களை இகழ்ச்சியாகக் காக்னி என்றும் வெண்ணெய் தடவிய ரொட்டி தின்பவர்கள் என்றும் அழைக்கிறார்கள் என்கிறார். இகழ்ச்சியாக என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மணியோசை அன்று பெருமைக்கு அளவுகோலாக இருக்கவில்லை. கேலிக்கு எல்லைக்கல்லாக இருந்தது.

இரண்டாவது நூல் ஜான் மின்ஷூ தொகுத்த பன்மொழி அகராதி. அதில் ஒரு கதை. லண்டன்வாசி ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வெளியே குதிரையில் போகிறார். பையன் அதுவரை நகரத்தைத் தாண்டியதில்லை. வழியில் ஒரு குதிரை கனைக்கிறது. அது என்ன செய்கிறது அப்பா என்று பையன் கேட்கிறான். கனைக்கிறது என்கிறார் அப்பா. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சேவல் கூவுகிறது. அப்பா, சேவலும் கனைக்குமா என்கிறான் பையன். ‘காக்’ என்றால் சேவல், ‘நெய்’ என்றால் கனைப்பு, இரண்டும் சேர்ந்து காக்னி!

மொழியியலில் இந்தக் கதை நிற்காது. ஆனாலும் இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. முட்டை மறைந்துபோன சொல்லுக்குள் சேவல் இருப்பதை மட்டும் எப்படியோ கண்டுபிடித்து, அதைச் சுற்றி நகரத்துப் பிள்ளையின் அறியாமையை வைத்துக் கதை கட்டியிருக்கிறார்கள். சொல்லின் பிறப்பைப் பற்றி அது சொல்வது பொய்; சொன்னவர்களின் மனத்தைப் பற்றிச் சொல்வது முழுக்க உண்மை.

மணிக்கு வருவோம். ‘போ’ என்றால் வில். தேவாலயத்தின் அடியில் நார்மன்கள் 11-ஆம் நூற்றாண்டில் கல் வளைவுகளால் எழுப்பிய நிலவறை இருக்கிறது. அந்த வில்வளைவுகளால் வந்த பெயர் அது. நகரின் பெரிய கடைத்தெரு சீப்சைட். அதன் நடுவிலிருந்த அந்தக் கோபுர மணியைத் தினமும் இரவு ஒன்பது மணிக்கு அடிக்க வேண்டும் என்று 1469-இல் நகர மன்றம் ஆணையிட்டது. கடை சாத்தும் நேரத்தை, பயிற்சிப் பையன்கள் வேலையை விடும் நேரத்தைச் சொன்ன மணி அது. லண்டனில் பிறந்தவன் என்று சொல்லப் போ மணியைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த அன்றாடப் பழக்கமே போதுமான காரணம். 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் பழைய தேவாலயம் எரிந்தது. கிறிஸ்டஃபர் ரென் கட்டிய புதிய கோபுரம் 1680-இல் முடிந்தது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கிழக்கு லண்டனில் ‘போ’ என்றே ஒரு பகுதி இருக்கிறது, சீப்சைட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல். லீ ஆற்றின் மேலிருந்த வளைவுப் பாலத்தால் அந்தப் பெயர். அங்கேயும் ஒரு பழைய மாதா கோயில் உண்டு. காக்னி மணி அங்கே இருப்பதாக நினைப்பவர்கள் லண்டனிலேயே உண்டு. 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி, அரசு ஏற்பாடு செய்யும் விடுதி வேண்டாமென்று ஏழை உழைப்பாளிகளோடு தங்கிய கிங்ஸ்லி ஹால் இந்தப் போ பகுதியில்தான் இருக்கிறது. பக்கத்தில் கேனிங் டவுனில் ஒரு இந்திய மருத்துவர் வீட்டில் சார்லி சாப்ளின் அவரைச் சந்தித்தார். தேம்ஸுக்குத் தெற்கே வறுமையில் வளர்ந்த சாப்ளினை உலகம் காக்னி என்றே அழைத்தது. அவர் பிறந்தபோது எந்த மணி கேட்டது என்று யாரும் விசாரிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் மணியோசை விளக்கம் எனக்கு இடறுகிறது. மணியோசைதான் அளவு என்றால் போ தேவாலயத்துக்கு மிக அருகில் பிறந்தவர்கள் யார்? 1608-இல் கவிஞர் ஜான் மில்டன் பிறந்த பிரெட் தெரு, தேவாலயத்திலிருந்து சில எட்டுகள்தான். அவருடைய நினைவுக் கல்வெட்டு இன்று அந்தத் தேவாலயத்தின் மேற்குச் சுவரில் இருக்கிறது. ‘உட்டோப்பியா’ எழுதிய தாமஸ் மூர் பிறந்த மில்க் தெரு சீப்சைட்டின் எதிர்ப்பக்கம். மதுவணிகர் மகனான சாஸர் வளர்ந்த வின்ட்ரி வட்டாரம் நடந்துபோகும் தூரம். மூவரையும் காக்னி என்று சொல்லும் வழக்கம் இல்லை. ஓசை எல்லோர் காதிலும் சமமாகத்தான் விழுந்தது. சொல் மட்டும் ஆள் பார்த்து விழுந்தது.

யார் மேல் விழுந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1817-இல் எடின்பரோவிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘பிளாக்வுட்ஸ்’ இதழ், லீ ஹன்ட்டையும் அவருடைய நண்பர்களையும் ‘காக்னிப் பள்ளிக் கவிஞர்கள்’ என்று பெயரிட்டுத் தாக்கியது. ‘இஸட்’ என்ற ஒற்றை எழுத்தில் கையொப்பமிட்டு எழுதியவர் ஜான் கிப்சன் லாக்ஹார்ட். 1818 ஆகஸ்டில் அவர் ஜான் கீட்ஸைக் குறிவைத்தார். கீட்ஸின் தந்தை மூர்கேட்டில் குதிரை லாயம் நடத்தியவர், பையன் மருந்துக்கடைத் தொழில் பயின்றவன். கவிதையை விட்டுவிட்டு மருந்துக் கடைக்கே திரும்பிப் போ என்பதுதான் விமரிசனத்தின் சாரம். பல்கலைக்கழகம் போகாதவன், கிரேக்கம் படிக்காதவன், கிரேக்கக் கடவுளரைப் பாடலாமா என்பது அவருடைய கோபம்.

கீட்ஸின் இயைபுகளிலும் அந்தக் காலத்துக் காதுகள் குற்றம் பிடித்தன. அவர் ‘தார்ன்ஸ்’ என்பதை ‘ஃபான்ஸ்’ என்பதோடு இயைத்தார். முதல் சொல்லின் நடுவில் ‘ர்’ ஒலிக்க வேண்டும், அதை விழுங்குவது காக்னி நாக்கு என்றார்கள். மூர்கேட்டில் பிறந்து, சீப்சைட்டிலேயே சில மாதம் குடியிருந்த கவிஞனின் காதில் அந்த ‘ர்’ இல்லை. இருந்ததைத்தான் அவன் எழுதினான். இன்று இங்கிலாந்தின் படித்த உச்சரிப்பிலும் அந்த ‘ர்’ கிடையாது. கீட்ஸின் இயைபு சரியாகிவிட்டது. 25 வயதில் இறந்துபோன அவருக்கு அது தெரியாது.

இதற்குள் காக்னி என்பது ஆளின் பெயராக இருந்து பேச்சின் பெயராகவும் ஆகிவிட்டது. 1791-இல் உச்சரிப்பு அகராதி வெளியிட்ட ஜான் வாக்கர் லண்டன் காக்னிகளின் குற்றங்களைப் பட்டியலிட்டார். ‘வ’ ஒலியில் ‘வி’, ‘டபிள்யூ’ என்ற இரண்டு வகையையும் மாற்றிப் போடுகிறார்கள், சொல்லின் முதலில் வரும் ‘ஹ’வை விழுங்குகிறார்கள் என்பவை அவற்றில் முக்கியமானவை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்களின் தவறுகள் எண்ணிக்கையில் அதிகம். லண்டன்காரன் தவறு குறைவு, ஆனால் அதுதான் அதிக அருவருப்பு என்றும் எழுதினார். தவறு குறைவாக இருந்தும் ஏன் அருவருப்பு? அரசவையும் நீதிமன்றமும் இருக்கும் ஊரில் அடுத்த தெருவிலேயே இருந்துகொண்டு அப்படிப் பேசுகிறார்களே என்பதுதான்.

அந்த ‘வ’ குழப்பத்தை டிக்கன்ஸ் ‘பிக்விக்’ நாவலின் சாம் வெல்லர் வாயில் அழியாமல் வைத்துவிட்டார். நீதிமன்றத்தில் உன் பெயரை எந்த ‘வ’ போட்டு எழுதுவது என்று நீதிபதி கேட்கும்போது, கூட்டத்திலிருந்து சாமின் அப்பா தவறான ‘வ’வைக் கூவிச் சொல்கிறார். அந்த வழக்கம் 19-ஆம் நூற்றாண்டோடு மறைந்துபோனது. ‘ஹ’ மட்டும் திரும்பவில்லை. ‘ஹவுஸ்’ அவர்கள் வாயில் ‘அவுஸ்’. தமிழர்களுக்கு இதில் வியப்பில்லை. ஹரனை அரன் என்றும் ஹரியை அரி என்றும் எழுதுவதற்கு நம் இலக்கணம் விதியே வைத்திருக்கிறது. இங்கே விதியாக இருப்பது அங்கே தாழ்வின் அடையாளம். ‘திங்க்’ என்பது ‘ஃபிங்க்’ ஆகும். ‘டே’ கிட்டத்தட்ட ‘டை’ ஆகும். ‘வாட்டர்’ நடுவிலுள்ள ‘ட்’ தொண்டைக்குள் மூச்சு ஒரு நொடி தடைபட்டு நிற்பதோடு சரி.

எதிர்ப்புக் குரலும் எழுந்தது. சாமுவேல் பெக் என்பவர் எழுதி, அவர் இறந்தபின் 1803-இல் வெளிவந்த நூல், லண்டன் எளிய மக்களின் பேச்சுக்காக வாதாடியது. இரண்டு எதிர்மறை சேர்த்துப் பேசுவதைப் பிழை என்கிறீர்களே, அது சாஸரிடம் இருக்கிறது, ஷேக்ஸ்பியரிடம் இருக்கிறது, காக்னிதான் பழமையைக் காப்பாற்றுகிறான், மாற்றிக்கொண்டவர்கள் நீங்கள் என்பது அவர் வாதம். நூறு ஆண்டு கழித்தும் பள்ளிக்கூடம் அதை ஏற்கவில்லை. 1909-இல் லண்டன் நகரின் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி மாநகர கவுன்சில் கூட்டிய மாநாட்டின் அறிக்கை, காக்னிப் பேச்சு அண்மையில் வந்த சீர்கேடு, முறையான பரம்பரை அற்றது, பேரரசின் தலைநகரில் எவரும் பேசத் தகாதது என்றது. பிள்ளைகள் தாயிடம் கற்ற பேச்சைப் பற்றி ஒரு கல்வி அறிக்கை இப்படி எழுதியது என்பதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் வலிக்கிறது. பரம்பரை அற்றது என்பதும் தவறு. 1938-இல் வில்லியம் மேத்யூஸ் எழுதிய ‘காக்னி: அன்றும் இன்றும்’ பழைய கணக்கேடுகளிலும் கடிதங்களிலும் இருந்த எழுத்துப் பிழைகளைத் தோண்டி எடுத்து, அந்த உச்சரிப்புகள் பல 16-ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் வேரூன்றியவை என்று காட்டியது.

தெரு வியாபாரிகளின் குழூஉக்குறியையும் இங்கே சொல்ல வேண்டும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று நம் இலக்கண உரைகள் எடுத்துக்காட்டுமே, அந்த வகை. 1859-இல் கொச்சைச் சொல் அகராதி வெளியிட்ட ஜான் கேம்டன் ஹாட்டன், தெருவில் கூவி விற்பவர்களிடம் பத்துப் பதினைந்து ஆண்டாக இது வழங்குவதாகச் சொல்கிறார். சொல்ல வேண்டிய சொல்லோடு இயையும் ஒரு தொடரை எடுத்துக்கொள்வார்கள். ‘ஸ்டேர்ஸ்’ என்ற படிக்கட்டுக்கு ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’. பிறகு இயையும் பகுதியையே வெட்டிவிடுவார்கள். ‘லுக்’ என்ற பார்வைக்கு ‘புட்சர்ஸ் ஹுக்’, அதில் ‘ஹுக்’ போய் ‘புட்சர்ஸ்’ மட்டும் மிஞ்சும். கசாப்புக்காரனுக்கும் பார்ப்பதற்கும் என்ன தொடர்பு என்று வெளியாள் விழிப்பான். சாவியைத் தூக்கித் தங்கள் பையில் போட்டுக்கொண்ட பூட்டு அது.

எறிந்த கல்லை எடுத்து வீட்டுக்கு அடித்தளமாகப் போடுவதுபோல், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பெயரை அந்த மக்களே எடுத்துக்கொண்டார்கள். ஹாக்ஸ்டனில் பிறந்த மேரி லாய்டு போன்றவர்கள் இசை அரங்குகளில் தங்கள் தெருப் பேச்சிலேயே பாடினார்கள். அநாதை விடுதியில் வளர்ந்த தெருக்கூட்டும் தொழிலாளி ஹென்றி கிராஃப்ட், உடையெங்கும் முத்துச்சிப்பிப் பொத்தான்களைத் தைத்துக்கொண்டு அறக்கொடைக்குப் பணம் திரட்டினார். அவரைப் பின்பற்றி வந்தவர்கள்தான் முத்து ராஜாக்களும் முத்து ராணிகளும். மோரிசன் காலத்தில் இகழ்ச்சி எல்லையாக இருந்த போ மணி இப்போது பிறப்புரிமைப் பத்திரம் ஆகிவிட்டது. பேட்டை பேட்டையாக, எங்கள் வீட்டில் மணி கேட்கும் என்று வாதாடத் தொடங்கினார்கள்.

1941 மே 10 இரவு ஜெர்மானியக் குண்டுவீச்சில் தேவாலயம் எரிந்தது. கோபுரம் நின்றது, மணிகள் உள்ளே நொறுங்கி விழுந்தன. அந்தப் போர்க் காலத்தில்தான் பிபிசி, 1926-இல் பதிவு செய்து வைத்திருந்த போ மணியோசையைத் தன் வெளிநாட்டு ஆங்கில ஒலிபரப்பின் இடைவேளை ஒலியாக வைத்திருந்தது. சீப்சைட்டில் இடிபாடுகளுக்குள் வெண்கலம் கிடக்க, அதன் ஓசை வானொலி எட்டிய நாடுகளிலெல்லாம் கேட்டது. புதிய மணிகள் வார்க்கப்பட்டு 1961-இல்தான் மறுபடியும் ஒலித்தன. விளக்கத்தை அப்படியே பின்பற்றினால் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் லண்டனில் ஒரு காக்னிகூடப் பிறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் பிறந்த தெருப் பிள்ளைகள் இந்தச் சட்டத்தைப் பொருட்படுத்தவே இல்லை.

போருக்குப் பிறகு கிழக்கு லண்டன் மக்களில் பெரும்பகுதி எசெக்ஸுக்கும் புதிய நகரங்களுக்கும் குடிபெயர்ந்தது. பேச்சும் அவர்களோடு போனது. இன்று பழைய காக்னியைக் கேட்க வேண்டுமானால் ஹாக்னியைவிட ரோம்ஃபோர்டுக்குப் போவது நல்லது. மணியோ வாகன இரைச்சலில் அமுங்கிவிட்டது. 2012-இல் ஒலியியலாளர்கள் கணக்கிட்டபோது நகரத்தையும் ஷோர்டிச்சையும் ஒட்டிய சிறு பகுதியில்தான் அது கேட்கக்கூடும் என்று தெரிந்தது. 2010-இல் மொழியியலாளர் பால் கெர்ஸ்வில் முப்பது ஆண்டில் லண்டன் தெருக்களிலிருந்து காக்னி மறைந்துவிடும் என்றார்.

அவரும் ஜெனி செஷயரும் மற்றவர்களும் 2004 முதல் ஹாக்னியில் இளைஞர் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். கரீபியன், ஆப்பிரிக்கா, தெற்காசியா என்று பல ஊர்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே விளையாட்டுத் திடலில் சேர்ந்து ஒரு புதிய லண்டன் பேச்சை உண்டாக்கியிருந்தார்கள். அதில் ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தப் பிள்ளைகள் ‘ஹ’வை ஒலிக்கிறார்கள்! வாக்கர் அகராதி எழுதியும் 1909-ஆம் ஆண்டு மாநாடு அறிக்கை எழுதியும் திருப்பிக் கொண்டுவர முடியாத ‘ஹ’வை, வேற்று நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கொண்டுவந்துவிட்டார்கள். டவர் ஹாம்லட்ஸில் வங்காளதேசப் பின்னணி இளைஞர்களின் ஆங்கிலத்தை ஆராய்ந்த சூ ஃபாக்ஸ் தன் நூலுக்கு வைத்த பெயர் ‘புதிய காக்னி’. ஈஸ்ட் ஹாமில், மேனர் பார்க் முருகன் கோயிலைச் சுற்றி வளரும் ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் ஆங்கிலமும் இதே தெருவில் வளர்வதுதான். காக்னி செத்துப்போகிறது என்று கவலைப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பேச்சு உண்டான விதமே இதுதான்: வெளியிலிருந்து வந்தவர்கள் குவியும் ஊரில், சேர்ந்து பிழைக்கும் பிள்ளைகள் வாயில்.

போ கோபுரத்தில் இப்போது தொங்கும் மணிகள் 12. ஒவ்வொன்றிலும் ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள். அந்த வாசகங்களின் முதல் எழுத்துகளை வரிசையாகச் சேர்த்தால் ‘டி விட்டிங்டன்’ என்று வரும். டிக் விட்டிங்டன், லண்டனைவிட்டு ஓடிப்போகும் வழியில் ஹைகேட் குன்றில் போ மணி தன்னைத் திரும்பி வரச் சொல்வதாகக் கேட்டு, திரும்பிவந்து மேயரானான் என்று குழந்தைகளுக்குச் சொல்லும் கதையின் நாயகன். உண்மையான ரிச்சர்டு விட்டிங்டன் துணி வியாபாரத்தில் செல்வம் சேர்த்தவர், மேயர் பதவி வகித்தவர், 1423-இல் இறந்தவர். மணிக்குள் பெயர் பதிந்திருக்கும் அந்த மனிதர் பிறந்தது லண்டனில் அல்ல. எந்தக் காற்றடித்தாலும் போ மணி கேட்காத குளோஸ்டர்ஷயரில் ஒரு கிராமம் அது. அங்கே சேவல் கூவுவதும் குதிரை கனைப்பதும் எந்தப் பையனுக்கும் தெரியும்.